பில்கிரிம் ஃபாதர்களுக்குத் தைத்த அங்கி

எனக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்கு அமெரிக்காதான் காரணம். அவளுடைய நீளப் பின்னலையும் கன்னக்குழியையும் நான் மன்னித்திருப்பேன். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வகுப்புப் பெண்கள் அவளுக்கென்று டிசம்பர் பூ தொடுத்துக்கொண்டு வந்ததைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். ஆனால் அமெரிக்கா என்னுடையது. திருச்சியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில், அமெரிக்கக் குடியேற்றங்கள் என்ற பாடத்தை நான் சேர்ந்த நாளிலிருந்து அவள் வரும்வரை வேறு யாரும் நடத்தியதில்லை. வர்ஜீனியாவில் புகையிலை பயிரிட்டவர்கள், முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேரைப் புதைத்துவிட்டு மிஞ்சி நின்றவர்கள், கப்பல் சார்ஜுக்குக் காசில்லாமல் ஏழு வருஷ உழைப்பை எழுதிக் கொடுத்துவிட்டு ஏறிய ஏழைகள், எல்லாரையும் எனக்கு எங்கள் தெருக்காரர்களைப் போலத் தெரியும். இத்தனைக்கும் நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்புகிறவள். முக்கொம்புக்குப் பிள்ளைகளை எக்ஸ்கர்ஷன் அழைத்துப் போனதுதான் என் தூர தேசப் பயணம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஒரு அமெரிக்க அம்மாள் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திருச்சியிலிருந்து ஒரே ஒரு டீச்சரை ஒரு வருஷத்துக்கு அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவார்களாம். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் எப்படியோ அந்த அம்மாளைப் பிடித்து ஸ்கூல் டேக்கு வரவழைத்துவிட்டார். என்னையும் அவளையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நம்ம ஸ்கூல்லேருந்துதான் ஒருத்தரை எடுக்கறதா இருக்காங்க. நீங்க ரெண்டு பேருந்தான் சரித்திரம் எடுக்கறீங்க. ஒருத்தர் கண்காட்சி வைங்க, ஒருத்தர் நாடகம் போடுங்க. அந்தம்மா பாத்துட்டு யாருன்னு சொல்லட்டும்."

நான் முந்திக்கொண்டு கண்காட்சி என்றேன். அவள் "சரிங்க, நான் நாடகம் போடறேன்" என்று சிரித்தாள். எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு!

எனக்கு அப்போது முப்பது தாண்டியாகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. நான் சின்னக் குழந்தையாக இருக்கும்போது மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கு எழுதும் கிராணி வேலைக்குப் போனவர் என் அப்பா. ஜப்பான்காரன் அங்கே இறங்கிய பிறகு அவரிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. இருக்கிறாரா, போய்விட்டாரா, அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டாரா, யாருக்கும் தெரியாது. அம்மா குங்குமம் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். "பொண்ணோட தோப்பனார் எங்கே இருக்கார்?" என்று கேட்ட பிள்ளை வீட்டார் எல்லாரும் காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள், போனவர்கள்தான். அம்மா அவரைப் பற்றி என்னிடம் வாயைத் திறக்கமாட்டாள். கேட்டால் அடுப்பைக் கிளறப் போய்விடுவாள். அந்த வீட்டிலிருந்து, அந்த மௌனத்திலிருந்து, ஒரே ஒரு வருஷம் எங்கேயாவது போக வேண்டும் எனக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அவள் வையம்பட்டிக்காரி. மழையை நம்பிச் சோளமும் கடலையும் போடுகிற குடும்பம். கன்னியாஸ்திரீகள் நடத்திய ஹாஸ்டலில் தங்கி எகனாமிக்ஸ் படித்தவள். சரித்திரம் படிக்காதவளுக்குச் சரித்திர வகுப்பு! அவள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டிதான் மறைப்பு. ஒரு நாள் நான் போர்டில் 'ராஜ சாசனம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கணீரென்று வருகிறது.

"சரி, கப்பல்லேருந்து எறங்கிட்டாங்க. நிலம் யாரு குடுத்தா?"

"இங்கிலாந்து ராஜா டீச்சர்!"

"ராஜா அந்த ஊரைப் பாத்திருக்காரா?"

"இல்ல டீச்சர்."

"அங்க ஏற்கெனவே சோளம் வெதச்சிட்டு இருந்தாங்களே, அவங்க பேர்ல பட்டா இருந்துச்சா?"

"இல்ல டீச்சர்."

"பட்டா இல்லேன்னா புறம்போக்கா? நாளைக்கு எவனோ வந்து உங்க தோட்டத்துல கொடி நட்டா உங்கப்பா சும்மா விடுவாரா?"

கொல்லென்று ஒரு சிரிப்பு. என் வகுப்புப் பெண்களும் தட்டியில் காதை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பட்டாவாம், புறம்போக்காம்! இது சரித்திர வகுப்பா, தாலுகா ஆபீஸா? ஆனால் அத்தனை வருஷமாக அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது. அன்றைக்கு மத்தியானம் தயிர்சாதம்கூட இறங்கவில்லை.

அவள் ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்ததால் சாயங்காலம் ஒரே பஸ்தான். தப்பிக்க வழியில்லை. "அக்கா, இங்க வாங்க" என்று எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைப்பாள். ஒரு நாள் காவிரிப் பாலத்தில் மாட்டு வண்டிகள் அடைத்துக்கொண்டு பஸ் நின்றுவிட்டது. சும்மா இருக்கமாட்டாமல் கேட்டாள்.

"உங்கப்பா என்ன பண்றாரு அக்கா?"

யாரிடமும் சொல்லாததை அவளிடம் ஏன் சொன்னேனோ. அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறுவதற்காக ரயிலேறியது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. ஜங்ஷனில் எல்லாப் பெண்களும் அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா அழவில்லை. புளிக்காய்ச்சல் ஜாடியை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். வண்டி நகர்ந்ததும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே கூட ஓடினாள். ஓடிக்கொண்டே கத்தினாள்: "கடலைப் பாக்காதேங்கோ! தலை சுத்தும்!" அவ்வளவுதான். புருஷனிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதற்குச் சிரிக்கவில்லை. பரவாயில்லை, மரியாதை தெரிந்த பெண்தான் என்று நினைத்துக்கொண்டேன். சரியான மக்கு நான்.

ஸ்கூல் டேக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது தையல் அறைப் பக்கம் போனேன். அவள் உள்ளே பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கொடியில் வரிசையாக வெள்ளை அங்கிகள் தொங்கின. கழுத்திலிருந்து கால்வரை பட்டன், இடுப்பில் கறுப்புக் கச்சை. மெயின்கார்டு கேட் பக்கம் சைக்கிளில் போகும் பாதிரியார்கள் போட்டிருப்பார்களே, அச்சு அசல் அதே.

"இதெல்லாம் யாருக்கு?" என்றேன்.

"பில்கிரிம் ஃபாதருங்களுக்கு அக்கா. நாடகத்துக்கு."

இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போய்க் குடியேறினவர்களுக்குத்தான் அந்தப் பெயர். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் வந்ததே ஒரு சிரிப்பு! ஃபாதர் என்றால் திருச்சிக்காரர்களுக்கு ஒரே அர்த்தம்தான். அதிலும் கன்னியாஸ்திரீ ஹாஸ்டலில் வளர்ந்தவளுக்குக் கேட்கவே வேண்டாம். அங்கியில் ஒன்றை உருவிக்கொண்டு நேரே ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். அவள் பின்னாலேயே வந்தாள். எல்லார் முன்னாலும் அதை உயரப் பிடித்துக் காட்டினேன்.

"பாருங்கோ, மேஃப்ளவர் கப்பல்ல பாதிரிமார் ஏறப்போறா! கூடவே அவா பெண்டாட்டி, பிள்ளை குட்டி!"

கணக்கு டீச்சர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அங்கி தைத்தவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆகா, எனக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது! சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

"பாதிரியாரே இல்லையா அக்கா? நான்கூட யோசிச்சேன், பொம்பளைங்கல்லாம் வராங்களே, சிஸ்டருங்களா இருக்குமோன்னு" என்றாள். சொல்லிவிட்டு அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். "நல்லவேளை சொன்னீங்க. மேடையில மானம் போயிருக்கும்."

"பிஷப்பே வேண்டாம்னு ஊரை விட்டுக் கிளம்பினவா அவா. சாதாரணக் குடியானவா, நெசவு பண்றவா. பின்னாடி வந்தவா மரியாதைக்கு ஃபாதர்னு பேர் வச்சா, முன்னோர்ங்கற அர்த்தத்துல" என்று வகுப்பு எடுக்கிற குரலில் சொன்னேன்.

"பில்கிரிம்னா யாத்திரை வர்றவங்கதானே அக்கா? யாத்திரை முடிஞ்சு ஊருக்குத் திரும்பலையா?"

"எங்கே திரும்பறது? அங்கேயே நிலத்தைத் திருத்திண்டு தங்கிட்டா."

அவள் அங்கியை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். மடித்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப கரையில நின்னு வழியனுப்பினவங்க என்ன ஆனாங்க?"

"அதெல்லாம் புஸ்தகத்துல போடலை" என்றேன்.

ஸ்கூல் டே வந்தது. என் கண்காட்சிக்கு ஒரு அறை முழுக்கக் கொடுத்திருந்தார்கள். சுவரளவு தேசப்படம் வரைந்து கப்பல் வழிகளைச் சிவப்பில் போட்டிருந்தேன். களிமண்ணில் மரவீடுகள், நிஜமான மக்காச்சோளக் கதிர், புகையிலைக் கட்டு, யாருக்கு எவ்வளவு நிலம் என்று இங்கிலீஷில் குண்டு குண்டாக எழுதிய அட்டைகள். அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று "வெரி நைஸ்" என்றாள். புகையிலைக் கட்டைக் கொஞ்சம் முகர்ந்து பார்த்தாள். கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்குப் பாதி ஏரோப்ளேன் ஏறிவிட்ட மாதிரி இருந்தது. கண்காட்சியைப் பார்க்க என் அம்மாவும் வந்திருந்தாள். பிறகு பந்தலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்தேன். பாவம், இந்தப் பெண் என்னத்தைப் போடப்போகிறாளோ என்று சௌகரியமாகச் சாய்ந்துகொண்டேன்.

திரை தூக்கினார்கள். அங்கியும் இல்லை, தொப்பியும் இல்லை, கப்பலும் இல்லை. கசங்கின வேட்டி, தலையில் துண்டு, தகரப்பெட்டி, மூட்டை. பெண்கள் ஆண் வேஷத்தில் கரையில் நின்றார்கள். ஒருவன் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு, ஆள் பிடிக்க வந்த கங்காணியிடம், "ஏழு வருசந்தானுங்களே? அதுக்கப்புறம் நிலம் எனக்குத்தானுங்களே?" என்று கேட்டான். மேஃப்ளவர் என்றும் பிளிமத் துறைமுகம் என்றும்தான் சொன்னார்கள். ஆனால் பந்தலில் இருந்தவர்களுக்கு அது பினாங்கும் ரங்கூனும் கண்டியும்தான். ஒரு வீட்டிலாவது யாரும் போகாமல் இருந்தால்தானே! பின்வரிசையில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் அடங்கிப்போனார்கள்.

கப்பல் கிளம்புகிறது. ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையோரமாக ஓடி வருகிறாள். ஓடிக்கொண்டே கத்துகிறாள்.

"கடலைப் பாக்காதீங்க! தலை சுத்தும்!"

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் நிறுத்திக்கொண்டார்கள். அடிப்பாவி! என் அம்மாவைக் கொண்டுபோய் மேடையில் நிறுத்திவிட்டாளே. 'பாக்காதேங்கோ' என்பதைக்கூட அவள் ஊர்ப் பேச்சாக மாற்றிக்கொண்டுவிட்டாள். வருஷக்கணக்காக அமெரிக்காவை வகுப்பில் கட்டிக்கொண்டு அழுதவள் நான். அந்த ரயிலடி என்னுடையது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை, பஸ்ஸில் ஒரு தடவை கேட்டவளுக்குத் தெரிந்திருக்கிறது. கோபத்தைவிட அதுதான் தாங்கவில்லை.

அம்மாவைப் பார்க்கப் பயமாக இருந்தது. "போலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இரு. முடியட்டும்" என்றாள். கண்ணை மேடையிலிருந்து எடுக்கவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் காதோடு காதாக மொழிபெயர்த்துச் சொல்ல, அந்த அமெரிக்க அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும் நாடகம் போட்டவள் மேடைக்கு வந்து, "இந்த நாடகமே எங்க சீனியர் அக்கா குடுத்ததுதாங்க. அவங்க திருத்தலேன்னா தப்பாப் போயிருக்கும்" என்று என்னைக் கைகாட்டினாள். பந்தலே திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. அவள் மனசாரத்தான் சொன்னாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். "யாருடி அந்தப் பொண்ணு? ஒரு நாள் ஆத்துக்கு அழைச்சுண்டு வா."

நான் அழைத்துக்கொண்டு போகவில்லை. முடிவு தெரிந்த அன்றைக்கு அவளாகவே வந்தாள். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு ஓடியாந்தேன் அக்கா" என்று வாசலில் நின்றாள். "ரொம்ப சந்தோஷம்" என்றேன். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், காபி போடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டாள். பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"கப்பலா, ஏரோப்ளேனா?"

"ஏரோப்ளேன்தான் மாமி."

"எப்போ திரும்பி வருவே?"

"ஒரு வருசந்தான் மாமி. டான்னு வந்துருவேன்."

"அவரும் ரெண்டே வருஷம்னுதான் சொன்னார். மாடிப்படி ஏறினாலே தலை சுத்தும் அவருக்கு. அந்த மனுஷன் எப்படிக் கடல்ல போயிருப்பார்னு நான் நினைக்காத நாளில்லை." அப்பாவுக்குத் தலை சுற்றும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன்கிட்ட சொல்றேன், அவகிட்ட சொல்லிடாதே. இது அவளுக்குக் கிடைக்கப்படாதுன்னு தினம் பெருமாள் சன்னதியில நின்னு வேண்டிண்டேன். போறேன்னு சொன்னா அவளைத் தடுக்க எனக்கு வாய் வராது. அவளும் போயிட்டா நான் யாரை எதிர்பார்த்துண்டு உக்காந்திருப்பேன்?"

பால் பொங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அக்கா எங்கயும் போகமாட்டாங்க மாமி. நீங்க கவலைப்படாதீங்க" என்றாள் அவள்.

என் சார்பில் வாக்குக் கொடுக்க இவள் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட எனக்கு ஒரு வார்த்தை தராத அம்மா, அந்நியப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அடுப்பை அணைத்துவிட்டுக் காபியை ஆற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அவள் கை இன்னும் அம்மாவின் மடியில்தான் இருந்தது. அம்மாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எங்கேயும் போகமாட்டேன் என்ற அந்த ஒரு வார்த்தையை நான் அல்லவா அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும்?