மூடியை விரலால் பொத்திப் பார்த்தவள்

மழையில் நனைந்த வைக்கோலும் கொஞ்சம் புகையும் கலந்தாற்போல ஒரு வாசனை...

சாயங்காலம் நாலு மணி ஆனதும் அது மாடிப்படி இறங்கி எங்கள் அலுவலக அறைக்குள் வந்துவிடும். மேலே எங்கள் பிரெஞ்சு அதிகாரி முசியேயின் வீடு. கீழே நாங்கள். புதுச்சேரிக்கு மாற்றலாகி வருமுன் சைகோனில் இருந்தவர் அவர். அங்கே பிடித்துக்கொண்ட பழக்கம், இலைத் தேநீர்.

கையெழுத்துக்குக் கடிதங்களை எடுத்துக்கொண்டு அந்த நேரத்தில்தான் நான் மேலே போவேன். மேசைமேல் வெள்ளி டீ பாட் ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருக்கும். பாதிரியாருக்கு ஒரு கோப்பை, சாராயக் குத்தகைக்காரருக்கு ஒரு கோப்பை. நான் நின்றுகொண்டிருப்பேன். பதினோரு வருஷம் நின்றேன். அவர் பெயரில் போன கடிதங்களின் நல்ல பிரெஞ்சு முழுக்க என்னுடையது. ஒரு வாய் தேநீர் கேட்டதில்லை, கொடுத்ததுமில்லை.

பக்கத்து மேசை வைத்திக்கு மட்டும் ஒருநாள் கொடுத்தார். என் கண் எதிரிலேயே. முசியேயின் மனைவி மதாமின் நாய்க்குட்டியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தானாம்.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய அந்த ஐம்பத்து நான்கில், முசியேயும் வீட்டுச் சாமான்களை விற்கப்போவதாகச் சொன்னார்கள். அந்த வெள்ளிப் பாட்டை வாங்கிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். அதில் என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் குடியிருந்த சாரம் பகுதியிலிருந்து நானும் என் மனைவி லூர்துவும் நடந்தே போனோம். பெரிய வாய்க்காலைத் தாண்டும்போது, "முகத்த ஏன் இப்படி வச்சிருக்கீங்க? சண்டைக்கா போறோம்?" என்று கேட்டாள்.

கூடத்தில் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் வரிசையாகக் கைகட்டி நடந்தார்கள். மதாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பொருளைத் தூக்கித் தட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று எல்லோருக்கும் எண்ணம். கண்ணால் பார்த்து, பளபளப்பை நம்பி வாங்கினார்கள். முப்பது வருஷம் முறுக்குக்கும் கத்தரிக்காய்க்கும் பேரம் பேசிய வாய்கள் அன்றைக்கு மூடிக்கிடந்தன.

லூர்து மூடவில்லை. பன்னிரண்டு வயது வரை சைகோனில் வளர்ந்தவள், தகப்பனார் அங்கே சீனர் கடையில் எழுத்தர். நேராகப் போய் வெள்ளிப் பாட்டை எடுத்தாள்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மதாம் புருவத்தை உயர்த்தினார், ஆனால் தண்ணீர் வந்தது.

நிரப்பினாள். பாட்டின் மூக்கு, வாயைவிடத் தாழ்வாக இருந்ததால் முக்கால் பாகத்திலேயே மூக்கு வழியாக ஒழுகத் தொடங்கியது. மூடியிலிருந்த சின்ன ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு சாய்த்தாள். மூடி இறுக்கமாக உட்கார்ந்தால் தண்ணீர் நின்றுவிட வேண்டுமாம். நிற்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மூக்குக்கு ஒரே ஒரு ஓட்டை. இல வந்து அடைச்சுக்கும். கைப்பிடியும் வெள்ளி, கை வெந்துடும். இது வேணாங்க."

"வைக்காதே கீழே," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கறதுக்கா, குடிக்கறதுக்கா? மொதல்ல அத சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கீழே வைத்துவிட்டாள். பின்னாலேயே நின்றிருந்த வைத்தி அதே நொடி எடுத்துக்கொண்டான். "வீட்டம்மா வேணாம்னுட்டாங்களே அண்ணே, நான் எடுத்துக்கறேன்," என்று சிரித்தான். பணத்தைக் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டான்.

அப்போது வந்த ஆத்திரத்தை இப்போதும் என்னால் தொட்டுப் பார்க்க முடியும்.

லூர்து அதற்குள் குசினிக்குப் போயிருந்தாள். அங்கே அலமாரிக்கு அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு மண் பாட். கைக்கு அடக்கமாக, தொந்தி பெருத்து, மூக்கு நுனியில் ஒரு சிறு சில்லு பெயர்ந்து... தண்ணீர் ஊற்றினாள். விரலால் பொத்தினாள். தண்ணீர் அப்படியே நின்றது. விரலை எடுத்தாள், கயிறு போல இறங்கியது. ஒரு சொட்டு பின்னால் வழியவில்லை.

சமையற்காரர் அந்தோணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியானத எடுத்தீங்கம்மா. முசியே சைகோன்லேருந்து மடியில வச்சி எடுத்தாந்தது. தெனம் டீ ஊறுனது இதுலதான். வடிச்சி வெள்ளியில ஊத்தி மேசைக்கி அனுப்புவேன், பாக்கறவங்களுக்காவ."

நான் குனிந்து அந்தப் பழுப்புப் பாட்டைப் பார்த்தேன்.

"புளி போட்டு மட்டும் தேய்ச்சிராதீங்க. வெந்நீ போதும். உள்ள கறுப்பா ஏறியிருக்குதே, அதான் ருசி."

அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அன்று மாலை, தன் தகப்பனார் சைகோனிலிருந்து அனுப்பும் டப்பாவில் மிச்சமிருந்த இலையைப் போட்டாள். வெந்நீரை ஊற்றி, மூடி, துணி சுற்றினாள். முறுக்கிக்கிடந்த இலைகள் அந்தத் தொந்திக்குள் விரிய இடமிருந்தது. கோப்பையை என் நாற்காலிக்குக் கொண்டுவந்தாள். மழை நனைத்த வைக்கோல், கொஞ்சம் புகை...

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டாவது கோப்பை கேட்டேன். அவளுக்குப் புரிந்தது. எத்தனையோ படித்தவர்களை, பதவியில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டேன். ஒரு பொருளின் முன்னால் அத்தனை நிமிர்ந்து நின்றவர்களை அவளைத் தவிர நான் பார்க்கவில்லை.

எட்டு வருஷம் ஆகிவிட்டது. என் பிரெஞ்சுக்கு இப்போது வேலையில்லை. ஆபீசில் நாலு மணிக்குக் கண்ணாடி கிளாசில் கொதித்த டீ வருகிறது, எல்லோருக்கும் உண்டு, ஆனால் வாசனை மட்டும் கிடையாது. வைத்தி எனக்கு மேலதிகாரி. வெள்ளிப் பாட் அவன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தான். லூர்து எப்போதும்போல உள்ளேயே ஊற்றி, கோப்பையாகக் கொண்டுவந்து வைத்தாள்.

"அச்சு அசல் முசியே வீட்டு டீ அண்ணே! அவரு வெள்ளிப் பாட்டே எங்கிட்ட இருக்குது, எனக்கு வரலியே... என்னா செய்யறீங்க?"

"எல்லாம் கைராசி," என்றேன்.

அவன் போனபிறகு லூர்து கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "பாவங்க, சொல்லிடலாமே. எட்டு வருஷமா கேக்கறாரு."

"நான் பதினொண்ணு நின்னேன். இன்னும் மூணு இருக்கு."