மணி ஓய்ந்த பிறகு மூச்சு

"மேடம், அந்தம்மா மறுபடி எந்திரிக்கப் பாக்குறாங்க!"

கேமரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் கத்தினார். மெஷினை உடனே நிறுத்தினோம். அன்று இது முதல் தடவை இல்லை.

உள்ளே படுத்திருந்தவர் மாரீஸ்வரி. ஊர் எம். புதுப்பட்டி, பட்டாசுக் கம்பெனியில் வேலை. இடது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கதிர் சிகிச்சைக்கு வந்திருந்தார். நான் மெடிக்கல் பிசிசிஸ்ட். எவ்வளவு டோஸ், எந்தக் கோணத்தில், எங்கே படக் கூடாது என்று பிளான் போடுகிறவள். ஊசியும் போடாமல் மாத்திரையும் எழுதாமல் இந்தம்மாவுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மாரீஸ்வரி கதையைத்தான் சொல்வேன்.

இடது மார்புக்குப் பின்னாலேயே இதயம் இருக்கிறது. மாரீஸ்வரிக்கு ஏற்கெனவே வால்வில் பழுது. மூச்சை ஆழமாக இழுத்து அடக்கினால் நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரை விட்டு விலகும். அந்த நேரத்தில் மட்டும் கதிரை விட்டால் இதயம் தப்பிக்கும். ஸ்கேன் அறையில் அருமையாக மூச்சை அடக்கிக் காட்டியவர், மெஷின் அறையில் ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டார்.

"போதும் மேடம். சாதாரண மூச்சுலயே குடுத்துருவோம்" என்றார் டாக்டர்.

அந்தப் பிளானையும் போட்டுத்தான் வைத்திருந்தேன். அதில் இதயத்தின் முன்பக்கம் டோஸுக்குள் கிடந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாளைக்கு ஒரு நாள் குடுங்க. முடியலைன்னா உங்க இஷ்டம்" என்றேன்.

வெளியே பெஞ்சில் மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஸ்கேன்ல நல்லாத்தானே பிடிச்சீங்க?"

"இங்கனயும் பிடிக்கத்தான் செய்தேன் மேடம். நடுவுல பஸ்ஸர் அடிக்கீகளே! எங்க கம்பெனியில பஸ்ஸர் அடிச்சா கையில இருக்கத அப்படியே போட்டுட்டு ஓடணும். வாசல் எங்கன இருக்குன்னுதான் மொதல்ல பாத்தேன்."

கதிர் வரப்போகிறது என்று எச்சரிக்கும் மணி அது. சில நொடி அடித்து ஓயும். ஸ்கேன் அறையில் அது கிடையாது. விதிப்படி அதை நிறுத்தவும் முடியாது. பயப்படாதே என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பட்டாசு வேலையில் அந்தப் பயம்தானே உயிரைக் காப்பாற்றுகிறது?

ஆகவே வரிசையை மாற்றினேன். முதலில் மூச்சு, அப்புறம் மணி என்பது எங்கள் வழக்கம். இனி முதலில் மணி. அது அடித்து ஓய்ந்த பிறகுதான் மூச்சு. மார்பு நாங்கள் குறித்த உயரத்துக்கு எழும்பினால்தான் மெஷின் கதிரை விடும், அதுவரை காத்திருக்கும்.

மறுநாள் கதிர் இல்லாமல், கதவைத் திறந்து வைத்து, மணியை மட்டும் அடித்துப் பழக்கினோம். "ஓடாம படுத்துக் கெடக்கது அம்புட்டு லேசு இல்ல மேடம்" என்று மாரீஸ்வரியே சிரித்துவிட்டார்.

பிறகு கதவை மூடினோம். மணி அடித்தது. அவர் கால் விரல்கள் மடங்கின. மணி ஓய்ந்தது.

"இழுங்க... பிடிங்க!"

திரையில் மூச்சுக்கோடு ஏறி, குறித்த பட்டைக்குள் போய் நின்றது. கதிர் பாய்ந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழு டோஸும் போய்ச் சேர்ந்ததும் டாக்டர் மேஜையைத் தட்டினார். "இனி எல்லாருக்கும் இந்த வரிசைதான் மேடம்!" எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதும் முன்பு, அந்த மெஷின் படுக்கையில் நீங்கள் ஒரு தடவை படுத்துப் பாருங்கள்.

ஒரு நாள்கூடத் தவறாமல் சிகிச்சையை முடித்த மாரீஸ்வரி, கடைசி நாள் கேட்டார்: "இனிமே கம்பெனியில பஸ்ஸர் அடிச்சா மூச்சப் பிடிக்கணுமா மேடம், ஓடணுமா?"

"ஓடும்மா! திரும்பிப் பாக்காம ஓடு!"