இசை மட்டும் ஓடிய நேரங்கள்

புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் எலிசாவின் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. மார்த்தாண்டத்தில் உள்ள ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு யார் போன் செய்தாலும் முதலில் வருவது அவள் குரல்தான். எந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பார், எந்த வார்டுக்கு எந்த எண், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பதறிக்கொண்டு பேசுகிறவர்கள்கூட அவள் "சொல்லுங்க" என்று சொன்னதும் கொஞ்சம் அடங்கிவிடுவார்கள்.

பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. விடுதியில் தங்கிப் படித்து, பட்டம் வாங்கி, வேலைக்கும் சேர்ந்தாள். கைபேசி வாய்விட்டுப் படித்துக் காட்டும் என்று கேள்விப்பட்டதுமே ஒன்று வாங்கிப் பழகிக்கொண்டாள். பாங்க் வேலையிலிருந்து சபைக் கூட்டத்துக்கான அழைப்புவரை எல்லாம் அதில்தான். நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைக் கேட்கிறவர்களிடம், "எனக்கு எங்க நேரம் இருக்கு?" என்று சிரித்தபடி நகர்ந்துவிடுவாள்.

வீட்டில் மூன்று பேர். அவள், அப்பா யோவான், தம்பியின் மனைவி ஷைஜா. தம்பி ஜெப்சன் கல்ஃபில் இருந்தான். அம்மா இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அப்பா ரப்பர் வெட்டுகிறவர். விடியுமுன் தோட்டத்துக்குப் போய், வெயில் ஏறியதும் பால் வாடையோடு திரும்புவார். பேச்சு மிகக் குறைவு. எலிசா ஆஸ்பத்திரிக் கதை ஏதாவது சொன்னால் "ம்" என்பார். சம்பளம் உயர்ந்ததைச் சொன்னபோதும் அதே "ம்"தான் வந்தது. அப்பாவுக்குத் தன்மேல் ஒட்டுதல் கொஞ்சம் குறைவு என்று எலிசா எப்போதோ முடிவு செய்து, அதை ஒரு குறையாக நினைக்காமல் இருக்கவும் பழகியிருந்தாள்.

சாயங்கால ஜெபம் முடிந்ததும் டிவி ஓடும். சீரியல் என்றால் எலிசாவுக்கு உயிர். குரல் கேட்டதும் ஆளைச் சொல்லிவிடுவாள். வளையல் சத்தத்தை வைத்தே இன்னார் அறைக்குள் வந்துவிட்டாள் என்பாள். ஆனால் பேச்சு நின்று இசை மட்டும் ஓடும் நேரங்கள் அவளுக்குப் பிடிபடாது. ஷைஜா திடீரென்று "அய்யோ!" என்பாள்.

"என்னட்டி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மைனி. பொறுங்க, சொல்லுதேன்."

பொறுத்திருப்பாள். அதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். ஷைஜாவின் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவளும் அந்த நேரத்தில் திரைக்குள் போய்விடுவாள்.

ஒரு சீரியலில் ஒரு மாமியார் வருவாள். கரகரத்த குரல், நல்ல வாய்த்துடுக்கு. எலிசாவுக்கு அவளைப் பிடிக்கும். கொஞ்ச நாளாக அந்தக் குரலையே காணோம். ஊருக்குப் போயிருப்பாள், வருவாள் என்று காத்திருந்து காத்திருந்து, கடைசியில் கேட்டேவிட்டாள்.

"அந்த அம்மா எப்பம்ட்டி திரும்பி வரும்?"

ஷைஜா திகைத்தாள். "அவங்க செத்துப் போய் மாசமாச்சே மைனி! செவத்துல படத்துக்கு மாலை போட்டுக் காட்டுனாவளே!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு எலிசா தனியாக அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் செத்ததையே சொல்லாமல் விட்டுவிடுகிற பெட்டி, இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் விட்டிருக்குமோ!

போன வருடம் விடுமுறையில் வந்த ஜெப்சன், பழைய டிவியைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றை மாட்டினான். நெட்டில் இணைவது, படங்கள் நிறைய உள்ளது. விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அமைப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தவன், "அக்கா, இங்க வா" என்று கூப்பிட்டு ரிமோட்டை அவள் கையில் கொடுத்தான். அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். சுவரிலிருந்து ஒரு பெண் குரல், "முகப்பு" என்றது. அடுத்ததை அழுத்தினாள். "தேடுக" என்றது.

எலிசாவின் விரல் அப்படியே நின்றது. அவளுடைய கைபேசி எத்தனையோ வருடமாகப் பேசுகிறது. அது அவளுக்கென்று வாங்கியது, அவள் பையில் கிடப்பது. இது வீட்டின் நடுவில் எல்லாருக்கும் பொதுவாகத் தொங்குகிற பொருள். அது தன்னிடம் பேசும் என்று அவள் நினைத்ததே இல்லை. பழைய டிவியில் ஏதாவது ஒரு அறிவிப்பு திரையில் வந்து சத்தம் நின்றுபோனால், யாராவது வந்து படித்துச் சொல்கிறவரை ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான்.

"கொள்ளாமா? நல்லா இருக்கா?" என்றான் ஜெப்சன்.

"பேசாத. அது என்னமோ சொல்லுது" என்றாள்.

அவன் போன பிறகு ஒரு சனிக்கிழமை. அவளுக்கு விடுப்பு. ஷைஜா தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா தோட்டத்தில் இருந்தார். எலிசா தனியாக உட்கார்ந்து பொத்தான் பொத்தானாக நடந்துபார்த்தாள். அவளுக்கு மிகவும் பழக்கமான படம் ஒன்றின் பெயரை அந்தக் குரல் வாசித்தது. ஒரு படகோட்டியையும் அவன் மகளையும் பற்றிய படம். டிவியில் எத்தனை முறை போட்டிருப்பார்களோ, வசனமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதைத் திறந்து, ஒலி என்ற இடத்துக்குப் போனாள். "தமிழ்" என்றது. கீழே போனாள். "தமிழ், காட்சி விவரிப்புடன்" என்றது.

அது என்னவென்று தெரியாமலேயே அழுத்தினாள்.

அந்தப் படம் ஒரு நீண்ட புல்லாங்குழலில் தொடங்கும். குழல் முடிந்து, "ஏய், தோணிய எடு" என்று ஒருவன் கத்துவான். அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது குழலோசை எழுந்ததுமே ஒரு ஆண் குரல் அவசரமில்லாமல் பேசத் தொடங்கியது.

"அதிகாலை. ஏரி முழுவதும் பனிமூட்டம். கரையில் ஒற்றைத் தோணி. அதற்குள் ஒருவன் சுருண்டு படுத்திருக்கிறான். ஒரு சிறுமி தண்ணீரில் இறங்கி வந்து, நனைந்த கையால் அவன் கன்னத்தைத் தொடுகிறாள். அவன் கண்களைத் திறக்காமலே சிரிக்கிறான்."

பிறகுதான் "ஏய், தோணிய எடு" வந்தது.

எலிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படியென்றால் படம் எப்போதோ தொடங்கிவிட்டது! அவள் இசையைக் கேட்டுக் காத்திருந்த நேரத்தில் ஒரு ஏரி விடிந்திருக்கிறது. ஒரு குழந்தை அப்பனை எழுப்பியிருக்கிறது. சாப்பிட எழுந்திருக்கக்கூடத் தோன்றாமல் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பேச்சு நின்ற இடமெல்லாம் நிறைந்திருந்தது. யாரோ கதவருகில் நின்று ஒட்டுக்கேட்டார்கள். யாரோ பாத்திரம் கழுவியபடியே கண்ணைத் துடைத்தார்கள். வாசலில் ஒரு நாய் படம் முழுக்கப் படுத்திருந்தது.

மகள் படிக்கப் பட்டணத்துக்குப் பஸ் ஏறுகிற காட்சி வந்தது. அந்தப் படகோட்டியை எலிசாவுக்குப் பிடிக்காமல் போனதே அங்கேதான். மகள் "போய்ட்டு வாறேம்பா" என்பாள். அவன் வாயே திறக்கமாட்டான். பஸ் சத்தம், பிறகு வயலின், அவ்வளவுதான். "இவனெல்லாம் ஒரு அப்பனா?" என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, "அவன் மூஞ்சியப் பாத்தா தெரியும் மைனி" என்று ஷைஜா சொல்லியிருந்தாள். அதை வைத்து எலிசா என்ன செய்ய முடியும்?

இப்போது அந்தக் குரல் சொன்னது.

"பஸ் நகர்கிறது. மகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைக்கிறாள். அவன் துடுப்பைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறான். பஸ் வளைவில் திரும்பி மறைகிறது. அவன் கையை உயர்த்துகிறான். ஆளில்லாத சாலையைப் பார்த்து அசைத்துக்கொண்டே இருக்கிறான்."

எலிசா படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டி அதையே மறுபடி கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

ஷைஜா வீட்டுக்குத் திரும்பியபோது அவள் அந்த இடத்தில்தான் இருந்தாள்.

"யாரு மைனி, டிவிக்குள்ள இருந்து கதை சொல்லுதது?"

"இரிட்டி. கண்ண மூடிட்டுக் கேளு."

ஷைஜா பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். காட்சி முடிந்த பிறகும் திறக்கவில்லை. "நான் எத்தன தடவ பாத்த படம்! பஸ் போன பொறவாக்கும் கையத் தூக்குனான்? நான் அழுதேன். ஆனா அதக் கவனிக்கல்லியே" என்றாள் மெதுவாக.

அன்று சாயங்காலச் சீரியலில் அந்த வசதி இல்லை. எலிசா எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டுச் சோர்ந்தாள். ஷைஜா, "நான் சொல்லித் தாறேன்" என்று பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவ இவளப் பாக்கா. இவளும் அவளப் பாக்கா."

"எப்படிட்டி பாக்கா?"

"கோவமா."

"கோவம்னா மூஞ்சி என்ன செய்யும்?"

ஷைஜா இதுவரை யோசித்திராத கேள்வி. திரையை உற்றுப் பார்த்தாள். "மூக்கு வெடைக்கு. கீழ் உதட்டப் பல்லால கடிக்கா. புருவம் ரெண்டும் கிட்டக் கிட்ட வருது." எலிசா தன் விரலால் தன் புருவத்தைத் தொட்டு அப்படிச் செய்துபார்த்தாள்.

நாளாக ஆக ஷைஜா தேறிவிட்டாள். கோபம், வருத்தம் என்று பெயர் வைக்காமல் நடப்பதை மட்டும் சொன்னால் போதும் என்று அவளுக்குப் பிடிபட்டது. ஒருநாள், "மூத்தவ கண்ணக் காட்டுதா. இளையவ எழும்பி உள்ள போறா" என்றாள்.

"கண்ணக் காட்டுததுன்னா?"

"பேசாம கண்ணாலேயே சொல்லுதது. போ, வா, சும்மா இரி... அப்படி."

எலிசா இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாள். அது ஒரு முழுப் பேச்சு என்று இப்போதுதான் உறைத்தது. ஆட்கள் நிறைந்த அறையில், காதில் விழாமல் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது! ஷைஜாவின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நம்ம வீட்டுலயும் அப்படிப் பேசுவீங்களா?"

ஷைஜா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "பேசுவோம் மைனி."

"என்னப் பத்தியா?"

"சிலப்பம். எப்பமாவது." அவள் தயங்கினாள். "யாராவது வீட்டுக்கு வந்து, உங்களப் பத்திப் பாவம்னு தொடங்குவாவ இல்லியா... இவளுக்கு இப்படி ஆயிப் போச்சே, பின்னால யாரு பாத்துக்கிடுவா அப்படின்னு. அப்பம் மாமா என்னப் பாத்துக் கண்ணக் காட்டுவாவ. நான் உடனே காப்பி குடிக்கியளான்னு கேட்டுப் பேச்ச மாத்திருவேன்."

"மாமான்னா... அப்பாவா?"

"பின்ன யாரு? நான் கல்யாணம் ஆகி வந்த மொதல் வாரமே தொடங்கியாச்சு."

வீட்டுக்கு வருகிறவர்கள் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாதியில் காப்பிக்குத் தாவுவது எலிசாவுக்குத் தெரியும். அது தானாக நடக்கிறது என்றும் தன் நல்ல நேரம் என்றும் இருந்துவிட்டாள். அந்த அறையில், அவளுக்கு இரண்டு கை தூரத்தில், அப்பா இத்தனை வருடமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும். ஜெப்சன் வீடியோ காலில் வந்து, தன் முதலாளியைப் போலப் பேசிக் காட்டினான். எலிசா உரக்கச் சிரித்தாள். ஷைஜா அவள் காதருகே குனிந்தாள்.

"மாமா கையில எடுத்தத வாய்க்குக் கொண்டு போகல்ல. தட்டுலயே வச்சாச்சு. உங்களப் பாக்காவ."

"எதுக்கு?"

"நீங்க சிரிக்கியளே, அதுக்கு."

எலிசாவுக்குச் சிரிப்பு நின்றது.

"இப்பம் திரும்ப எடுத்துத் திங்காவ" என்றாள் ஷைஜா. "எப்பமும் இப்படித்தான் மைனி. நீங்க சிரிச்சு முடியது வர திங்கமாட்டாவ."

"அங்க என்னட்டி குசுகுசுன்னு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல மாமா. டிவில சொல்லுதது மாதிரி சொல்லிக் குடுக்கேன்."

"ம்" என்றார் அப்பா. எலிசா மீன் முள்ளைத் தேடுவதுபோல விரலால் குழம்பை அளைந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. அந்தச் சீரியலைப் போடுகிற நிறுவனத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவருக்கு அவள் கேட்பது விளங்கவில்லை. "கண்ணு தெரியாதவங்களும் சீரியல் பாப்பாங்களா மேடம்?" என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். எலிசா ஆஸ்பத்திரிப் போனில் பேசுகிற அதே நிதானத்தோடு விளக்கினாள். மின்னஞ்சல் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. சீரியலில் அந்தக் குரல் இன்னும் வரவில்லை. அவளும் கேட்பதை விடவில்லை. தன்னோடு விடுதியில் படித்த தோழி ஜிஷாவையும் எழுத வைத்தாள்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம். ஷைஜா அம்மா வீட்டில் தங்கிவிட்டாள். எலிசா தனியாகச் சீரியல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம்போல மூலையில் நாற்காலியில் இருந்தார். அவர் சீரியல் பார்க்கிற ஆள் இல்லை. செய்தி முடிந்தால் கண்ணயர்ந்துவிடுவார். சீரியலில் பேச்சு நின்று இசை எழுந்தது. எலிசா வழக்கம்போலக் காத்திருந்தாள்.

மூலையில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பிள்ள கதவச் சாத்துது" என்றார் அப்பா.

எலிசா குரல் வந்த பக்கம் திரும்பினாள். அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாசல் முத்தத்துல எறங்கி நிக்குது. மழ பெய்யுது. நனையுது."

"பொறவு?"

"நிக்குது." கொஞ்சம் யோசித்தார். "பின்னால ஒரு மரம் நிக்குது மக்களே. நல்ல வண்ணம் உள்ளது, கட்டிப் பிடிச்சா கை எட்டாது. அயினின்னு நெனைக்கேன். எல பெருசு. காத்துக்குத் தலைய ஆட்டுது."

அந்தப் பெண்ணின் முகத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மரத்தின் பட்டை எப்படி இருக்கிறது, எந்தக் கிளையை வெட்டியிருக்கிறார்கள், வெட்டின இடம் எப்படிக் காய்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். எலிசா அவர் இவ்வளவு தொடர்ந்து பேசிக் கேட்டதே இல்லை. கதையில் வசனம் மறுபடி தொடங்கியது. அவள் அதைக் கேட்கவில்லை. எத்தனையோ வருடமாகக் குரல் குரலாகத் தெரிந்துவைத்திருந்த அந்தச் சீரியல் வீட்டு முற்றத்தில் ஒரு அயினி மரம் நிற்கிறதாம். மழையில் நனைந்துகொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு.

"இன்னும் சொல்லுங்கப்பா" என்றாள்.