எருமைப் பாலுக்கு மட்டும்

மதிவதனி சரவணம்பட்டியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். பால் சொசைட்டிகளுக்கான நிரல் அவள் எழுதியது. கேன் வந்ததும் கருவி பாலைச் சோதித்து இரண்டு எண்கள் தரும். ஒன்று கொழுப்பு. மற்றது எஸ்.என்.எஃப், கொழுப்பு போக மிஞ்சும் சத்து. அது குறைந்தால் தண்ணீர் கலந்த பால் என்று திரை சிவப்பாகும். அன்னூர்ப் பக்கம் அவளுடைய ஊரிலும் ஆடியில் அதை வைத்தார்கள்.

அங்கே எல்லோரிடமும் மாடு. எருமை அவர்கள் வீட்டில் மட்டும். கறப்பது அம்மா மாசாணியம்மாள். சைக்கிளில் கொண்டுபோவது அப்பா ஆறுச்சாமி. திரை வந்த நாளிலிருந்து அவருடைய கேன் திரும்பியது.

"ஏனப்பா ஆறுச்சாமி, வாய்க்கால் தண்ணி இத்தன நாளா நல்லாத்தான் வித்திருக்குதாட்ட" என்று வரிசையில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டில் அம்மா சிரிக்கவில்லை.

"வழியில எங்க நிறுத்துனீங்க?"

"எங்கயும் நிறுத்துல."

"பொட்டி பொய் சொல்லாதுங்க. நம்ம புள்ள செஞ்சது."

மறுநாள் அவர் மதுக்கரைக்குப் போய் ஒரு சிமெண்ட் குடோனில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

அதன்பின் அம்மாவே கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்போதும் சிவப்பு. அன்றுதான் மகளை அழைத்தாள்.

"நானே கறந்து நானே கொண்டுபோனேன் கண்ணு. எனக்கும் தண்ணீங்குது."

"நம்பர் என்னம்மா?"

"கொழுப்பு ஒம்போதாம். இன்னொன்னு ஏழாம்."

எருமைப் பாலில் அது தலைகீழாக இருக்க வேண்டும், கொழுப்பு ஏழு, எஸ்.என்.எஃப் ஒன்பது. மதிவதனி நிரலைத் திறந்தாள். பாலைச் சரிபார்த்து விலை போடுகிற வேலையை டேட்டாபேஸில் இரண்டு ஸ்டோர்டு புரொசீஜர்கள், அங்கேயே எழுதி வைத்த குட்டி நிரல்கள், செய்தன. மாட்டுப் பாலுக்கானதில் கொழுப்பு முதலில். எருமைக்கானதை எழுதிய சக ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார், அதில் எஸ்.என்.எஃப் முதலில். இவள் மாட்டுக்கு எழுதிய வரியை நகலெடுத்து, புரொசீஜரின் பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். உள்ளே போகும் எண்களை, பாராமீட்டர்களை, பெயர் சொல்லி அனுப்பவில்லை, வரிசையை நம்பி அனுப்பினாள். இரண்டும் எண்கள். இடம் மாறியது தெரியாமல் டேட்டாபேஸ் வாங்கிக்கொண்டது. எருமைப் பால் யாரும் சோதனைக்கு ஊற்றிப் பார்க்கவில்லை.

பெயர்களைச் சேர்த்தாள். மதியத்திற்குள் முடிந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மதுக்கரைக்குப் போனாள்.

குடோன் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அப்பாவின் நீலச் சீருடை தோளில் தொளதொளவென்று தொங்கியது. மூக்குக் கண்ணாடி வரை சிமெண்ட் தூசி. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"நாந்தாம்பா தப்பு பண்ணிப்போட்டேன். சொசைட்டியிலயும் சொல்லிட்டேன். ஊட்டுக்குப் போலாம் வாங்க."

"நீ என்ன பண்ணுவ அம்மணி. சாப்பிட்டயா?"

"அம்மா வரச் சொல்லுச்சு."

அவர் கேட்டையே பார்த்தார்.

"பொட்டிக்கு என்னயத் தெரியாது. உங்கொம்மாளுக்குத் தெரியுமல்லொ."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவர் எழுந்துபோய்க் கேட்டைத் திறந்தார். அது உள்ளே போனதும் மூடிவிட்டு, மகளிடம் வராமல் உட்புறமாகவே நின்றுகொண்டார்.