தெரியாத நம்பருக்கு ஒரு வெற்றிலை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேருக்கும் மார்பில் வேப்பிலை அரைத்துப் பூசித்தான் பால்குடியை மறக்க வைத்தேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு.

பக்கத்து வீட்டுக்காரி, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன எவனுக்கோ தன் போனில் வந்த ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டாள். கணக்கு காலி. மறுநாளே என் மகள் அஞ்சுகிராமத்திலிருந்து வந்து நின்றாள்.

"எம்மா, இந்தப் போனைத் தா. ஒனக்குப் பட்டன் போன் போதும்."

பட்டன் போனில் துபாயில் இருக்கும் என் கடைசி மகனின் முகம் தெரியாது. தரமாட்டேன் என்றேன்.

அவளுடைய மகளுக்குத் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஆட்கள் ஏமாறாமல் இருக்கப் பழக்குவதற்குச் சம்பளம் தருகிறார்களாம்.

"எல்லாருக்கும் விஷயம் தெரியும் ஆச்சி. அவசரத்துல மறந்துரும். அதான், அவசரத்துக்குக் குறுக்க எதையாவது வைக்கணும்."

"இதுக்கு ஒரு படிப்பா, ஏட்டி? நான் வேப்பிலை வச்சேன்."

குறுக்கே வைக்க வெற்றிலையைத் தேர்ந்தெடுத்தேன். தெரியாத நம்பர் வந்தால் முதலில் வெற்றிலையும் பாக்கும் வாய் நிறையப் போட வேண்டும். பிறகுதான் போனை எடுக்க வேண்டும். காது கேட்கும், வாய் எண் சொல்லாது. பரிசு விழுந்ததென்றவனும் கரண்டை நிறுத்திவிடுவேன் என்றவனும் என் "ம்" கேட்டே களைத்துப் போனார்கள்.

ஒரு மத்தியானம் தெரியாத நம்பர். போட்டுக்கொண்டு எடுத்தேன்.

"எம்மா, நாந்தான். இது புது நம்பர். சொகமா இருக்கியா?"

"ம்."

"என்னம்மா, பேசு."

"ம்ம்."

"எம்மா! வாய் கோணிப்போச்சா?"

"ம்ஹூம்."

வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் மகள் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"ஒனக்குப் பேச்சு நின்னுபோச்சுன்னு துபாயில அவன் கெடந்து அழுகான்!"

முற்றத்தில் துப்பிவிட்டு வந்தேன்.

"அவன் சத்தம் தெரியலியா ஒனக்கு?"

"தெரிஞ்சுது. சத்தத்தையும் களவாண்டு பேசுகானுவன்னு ஒன் மொவதான சொன்னா."

மகள் போனுக்குக் கை நீட்டினாள். தந்தேன். அவன் புது நம்பரைப் பெயரோடு அதில் ஏற்றினாள். முகம் தெரியும்படி அவனைக் கூப்பிட்டு, போனை என் கையிலேயே திருப்பித் தந்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாய் காலியாக இருந்ததால் நன்றாகத் திட்டினேன்.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள்.

மக்கா, மொதல்ல இருந்து வாசி, நான் கேக்கட்டும். ஒன் அம்மை போனைத் திருப்பித் தந்த எடத்தை ரெண்டு தடவை வாசி.