அம்மன் வேஷத்தில் கேத்ரின்

தொலைக்காட்சி நாடகங்களில் கேத்ரினைப் பார்த்தவர்கள் அவளைப் பெரிய துணிச்சல்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாமியாரை எதிர்த்துப் பேசுவாள், தோட்டத்துத் துரையின் காரை மறிப்பாள், சிங்களப் படம் ஒன்றில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு பொலிசுக்கு முன்னால் போய் நிற்பாள். நேரில் அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை லிந்துலைப் பக்கம் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. மலையில் பிறந்து வளர்ந்தவள் அட்டைக்கு அலறினால் என்ன சொல்வது? மேடைக்கும் பயம், கமராவுக்கும் பயம். இத்தனை வருஷமும் அப்படியேதான் நடித்துச் சாப்பிடுகிறாள்.

முதல் வேஷம் மாதா கோவிலில், இயேசு பிறக்கிற நத்தார் நாடகத்தில். மேய்ப்பனுக்கு வசனம் இருந்ததால் ஆட்டுக்குட்டியாக நடிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு கொட்டகலை யோகேஸ்வரன் நடத்திய நாடகக் குழுவில் சேர்ந்து, சம்பளப் பிரச்சினை, சாராயக் கேடு பற்றிய நாடகங்களில் தோட்டம் தோட்டமாகப் போய் நடித்தாள். திரைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் கேத்ரின் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றால், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

மாரியம்மன் திருவிழாவுக்கு அம்மன் நாடகம் கேட்டிருந்தார்கள். வழக்கமாக அம்மனாக வருகிற பெண் குவைத்துக்குப் போய்விட்டாள். கேத்ரின் நடிக்கட்டும் என்றார் யோகேஸ்வரன். அவளோ வேதக்காரி, கழுத்தில் ஜெபமாலை. நடிப்புக்கு ஏது மதம் என்று அவளுக்குத் தைரியம் சொன்ன அதே மனிதர், ஒலிபெருக்கியில் மட்டும் அவள் பெயரைக் கவிதா என்று மாற்றி அறிவித்தார். அவர் கொடுத்த தைரியம் அவ்வளவுதான்.

மத்தியான வெயிலில், தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக்களத்தில் மேடை. மஞ்சள் பூசிய முகம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு, வாயோரம் வழியும் சிவப்பு, கையில் வேப்பிலை. அசுரனைக் கொன்று முடித்து கேத்ரின் நிமிர்ந்தபோது, ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறினாள். வினோதா என்று, அந்தத் தோட்டத்து லயத்து வீட்டுப் பெண். பிள்ளையை அப்படியே கேத்ரினின் காலடியில் கிடத்தினாள்.

"ஆத்தா, ஒன் புள்ளதான். போதும், அவன் ஒடம்ப விட்டு எறங்கிரு தாயி."

மூன்று வயது இருக்கும். உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. பாதத்தில் பட்ட சூட்டில் கேத்ரின் காலை இழுத்துக்கொண்டாள். பிள்ளைக்குப் பல் கிட்டியிருந்தது, கண் மேலே சொருகிக் கை வெட்டி வெட்டி இழுத்தது. கூட்டம் எழுந்து தலைக்கு மேல் கை கூப்பியது. விபூதியைக் கொடுத்து அனுப்பு என்று திரைக்குப் பின்னாலிருந்து யோகேஸ்வரன் கிசுகிசுத்தார்.

காய்ச்சலோடு தடிப்பு வந்தால் அம்மா வந்திருக்கிறாள், மருந்து ஆகாது. இது கேத்ரினுக்கும் தெரியும். அவள் வீட்டிலேயே இயேசு படத்துக்குப் பக்கத்தில் வேப்பிலை தொங்கியிருக்கிறது. நான் கேத்ரின், ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் வினோதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிடுவாள். அம்மனாகச் சொல்லி, போகிற வழியில் பிள்ளை செத்துப்போனால்? வேதக்காரப் பெண் அம்மன் வேஷம் கட்டிப் பிள்ளையைக் காவு கொடுத்துவிட்டாள் என்று இந்தக் கூட்டமே அடித்துக் கொல்லாதா? எல்லாவற்றுக்கும் மேலே, அம்மன் பெயரில் பொய் சொன்னால் அம்மன் சும்மா விடுவாளா? ஞானஸ்நானம் வாங்கியவளுக்கு அம்மனிடம் பயம் இருக்கக் கூடாது என்று யார் சொன்னது?

பிள்ளையின் கை இன்னொரு தடவை வெட்டி இழுத்தது.

"எறங்கிட்டேன்," என்றாள் கேத்ரின். குரல் நடுங்கவில்லை. "இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. ஏன்னு கேக்காத."

வினோதா பிள்ளையை வாரி எடுத்தாள். இரண்டடி வைத்தவள் திரும்பி வந்து கேத்ரினின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் வா தாயி. பாதி வழியில நீ கோவிச்சுக்கிட்டேன்னா நான் என்ன செய்வேன்?"

அம்மன் ஆட்டோவில் ஏறினாள். கிரீடம் கூரையில் இடித்ததால் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற பாதை, முடிகிற மாதிரித் தெரியவில்லை. பாதி தூரத்தில் பிள்ளையின் இழுப்பு நின்றது. நின்றது என்றால் எல்லாமே நின்ற மாதிரி, தலை துவண்டு தொங்கியது. கேத்ரின் தன்னையறியாமல் மாதா ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள், வாய்விட்டே. வினோதா தன்னையே பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சட்டென்று வாயை மூடினாள். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

வினோதா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதுவரை அம்மனை நீ, வா என்றிருந்தவள், இப்போது மரியாதையாகச் சொன்னாள்:

"ஏன் நிறுத்திட்டீங்க? எந்த மாதாவா இருந்தா என்ன, கூப்புட்டுக்கிட்டே இருங்க."

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். வெளியே வாங்குப் பலகையில் இரண்டு பேரும். போகிற வருகிற நோயாளிகள் கேத்ரினைப் பார்த்துக் கும்பிட்டார்கள், அவளுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அந்த அமைதியைப் போல அவள் எதற்கும் பயந்ததில்லை. கடைசியில் ஒரு நேர்ஸ் வந்து வினோதாவை உள்ளே கூப்பிட்டாள். பின்னாலேயே போன கேத்ரின் கதவருகில் நின்று எட்டிப் பார்த்தாள். கையில் சேலைன் ஏற, பிள்ளை மரக்கட்டையாகக் கிடந்தான். தாய் குனிந்து, "தனுஷன், தனுஷன்" என்று கன்னத்தைத் தட்டினாள்.

பிள்ளை கண்ணைத் திறந்தான். நேரே தெரிந்தது அம்மன் வேஷம் கலையாத கேத்ரினின் முகம்.

வார்டே அதிர வீரிட்டான். நேர்ஸ் சிங்களத்தில் திட்டிக் கேத்ரினை வெளியே தள்ளினாள். கேத்ரின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பிழைத்து வந்த பிள்ளையைப் பயமுறுத்தி மறுபடி வலிப்பை வரவழைத்துவிட்டோமோ என்று அழுகை வந்தது. உள்ளே அழுகைச் சத்தம் மெல்ல அடங்கியது. வினோதா வெளியே வந்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"நேத்துலயிருந்து புள்ளகிட்ட சத்தமே இல்லம்மா. அடிச்சுக்கூடப் பாத்தேன், அழுவல," என்று கேத்ரினின் கையைப் பிடித்தாள். "இன்னொரு தடவ எட்டிப் பாருங்க, அவன் அழுவட்டும்."

கேத்ரின் நடுங்கிக்கொண்டே தலையை உள்ளே நீட்டினாள்.