வேரை விட்டுவைத்த ராமலெட்சுமி

களையெடுப்பில் ராமலெட்சுமியை மிஞ்ச திருவாடானைப் பக்கம் ஆள் கிடையாது என்று பேர். பேருக்கு என்ன குறைச்சல்? கண்மாய் வறண்டு வயலெல்லாம் தரிசாகக் கிடந்த மூன்று வருஷமாக அவள் களையெடுத்தது ஒரே ஒரு இடத்தில்தான். பெரிய வீட்டுத் தர்மராஜ் தன் புது வீட்டின் முன்னால் போட்டிருந்த ரோஜாத் தோட்டம் அது. அந்த வேலையும் போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

உப்புத் தண்ணீரையும் சித்திரை வெயிலையும் ரோஜா தாங்கும் என்று உலகத்தில் நம்பிய ஒரே மனுஷர் தர்மராஜ். ரோஜாவுக்காக டிராக்டரில் நல்ல தண்ணீர் வந்தது. ரோஜா குடித்துவிட்டு வாடியது. யாரும் கூப்பிடாமல் ஆவாரை முளைத்தது.

"ஏத்தா, இந்தச் சனியனை வேரோட பிடுங்கு. நம்ம வீட்டு வாசல்ல காட்டுச்செடி நிக்கிறதா?"

"பிடுங்கிட்டேன்யா."

பிடுங்கவில்லை. வேரோடு போய்விட்டால் அடுத்த மாதம் அவளுக்கு என்ன வேலை? தரையை ஒட்டி அறுத்து, மேலே மண்ணைத் தள்ளிவிடுவாள். அறுத்த இடத்தில் நாலு கிளை வெடிக்கும். மறுபடி அறுப்பாள். ஒற்றைக் குச்சியாக நின்றிருக்க வேண்டியது, அடியில் பெரும் தூராகத் திரண்டுவிட்டது.

மகள் பிரசவத்துக்காகப் பரமக்குடி போனவள் இரண்டு மாதம் கழித்துத் திரும்பினாள். தோட்டம் முழுக்க மஞ்சள். பூத்துக் கிடந்தது அவள் பொய். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

வாசலில் தர்மராஜின் சென்னைச் சம்பந்தியம்மா நின்றார். ராமேஸ்வரம் போகிற வழியில் வந்தவர். "அண்ணே, இந்த ஊர்ச் செடியை வச்சே எவ்வளவு அழகா தோட்டம் போட்டிருக்கீங்க! எந்த நர்சரியில வாங்கினீங்க?"

"நம்ம சொந்த ஐடியாதான்" என்றார் தர்மராஜ், கூச்சமே இல்லாமல்.

கார் கிளம்பியதும் ராமலெட்சுமியைக் கூப்பிட்டார். "ரெண்டு மாசமா நீ வரலை. சொட்டுத் தண்ணி ஊத்தலை, யாரும் கை வைக்கலை. எப்படி நிக்குது பாத்தியா? இனிமே ஆளே வேண்டாம்த்தா. அதுபாட்டுக்கு வளரட்டும்."

அதுபாட்டுக்கா! மூன்று வருஷமாக அறுத்து அறுத்துத் தழைக்க வைத்தது யார் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால், ஏன் வேரோடு பிடுங்கவில்லை என்பார்.

"வெறுங்கையோட போகாத. பூப் பறிச்சிட்டுப் போ. கொதிக்க வச்சுக் குடிச்சா உடம்புக்கு நல்லது" என்றார் அந்தத் தாராள மனசுக்காரர்.

கொதிக்க வைக்க அடுப்பு எரிய வேண்டுமே என்று அவள் சொல்லவில்லை. மடியை விரித்துப் பறித்துக்கொண்டாள்.